எல்லாப் படத்திலும் ஒரே மேகம்

என் அன்பு மகளுக்கு,

ஒருவரும் நம்ப மாட்டாத ஒரு கதையை உனக்குச் சொல்லப் போகிறேன் என்று, வாவிக்கரை மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்திருக்கும் நீர்க்காகம் சாட்சியாகச் சத்தியம் செய்துகொண்டு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அவரும் வாசிக்கலாம், கப்பலில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர்களும் வாசிக்கலாம், தலைசுற்றாத நேரம் பார்த்துக் கப்டனும் வாசிக்கலாம். எழுதியவர் யார் என்று அவர்கள் கேட்டால், கண்டி வாவியின் மேகங்களுக்கும் உடும்புகளுக்கும் பொறுப்பான பெரிய அதிகாரி என்று சொல். அந்தப் பதவிக்கு என்னை நியமித்தவன் நான்தான். மற்றப்படி கந்தோரில் ஒரு கிளாக்கர், உன் அப்பாவின் தம்பி. தாயை இழந்து நீ யாழ்ப்பாணத்திலிருந்து கோச்சியேறி வந்த நாள் தொட்டு நீ என்னைக் குஞ்சியப்பு என்றாய், நான் உன்னை மகள் என்றேன். அப்பா மலாயாவில் றெயில்வேயில் இருந்தார். எனக்கும் உன் சின்னம்மாவுக்கும் பிள்ளையில்லை, எங்கள் வீட்டுக்கு நீ வந்தாய். இதில் இதுவரை மிகை ஒன்றும் இல்லை. இனித்தான் வரும்.

நாளைக்குக் காலையில் நீ கொழும்புக்குப் போகிறாய், அங்கிருந்து பினாங்குக் கப்பல். உன் கலியாணம் எப்படி நின்று, பிறகு எப்படி நடந்தது என்று அங்கே யாராவது கேட்டால் உன் அவர் ஒரு கதை சொல்வார். அவர் நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவர். உள்ளதை உள்ள அளவில்தான் சொல்வார். அப்படிச் சொன்னால் இந்தக் கதை கெட்டுப்போகும். அதனால் நான் முந்திக்கொள்கிறேன்.

முதலில் என் பெட்டியைப் பற்றி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் விட்ட, படம் பிடிக்கிற பெட்டி அது. அதை மலையிலிருந்து இறக்க யானை பிடித்தோம். யானை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே வேலையை விட்டுவிட்டது. பிறகு நானே தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் முக்காலியை விரித்தால் ஒரு கால் வாவிக்கரையிலும், ஒரு கால் பேராதனையிலும், மற்றது உன் சின்னம்மாவின் குசினியிலும் நிற்கும். படம் விழுகிற கண்ணாடித் தட்டுகளைக் கழுவ இருட்டறை வேண்டும் என்று சாமான் அறையைப் பிடித்தேன். ஊறுகாய்ச் சாடிகள் கட்டிலுக்குக் கீழே குடிபோயின. உன் சின்னம்மா அதற்காக என்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஊறுகாயும் மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும், கந்தோருக்குப் போக முன்னம், முக்காலியைத் தோளில் சாய்த்து, கறுப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாவிக்கரைக்கு இறங்குவேன். புத்தரின் பல்லை வைத்திருக்கிற மாளிகைப் பக்கம் அலை அலையாய் ஓடுகிற வெள்ளைச் சுவர் இருக்கிறதே, சிங்களவர் மேகச் சுவர் என்கிறார்கள், அதன் ஓரம்தான் என் இடம். நான் படியிறங்கும்போது சின்னம்மா கேட்பதை நீ பாயில் படுத்தபடி கேட்டிருப்பாய்.

"இஞ்சருங்கோ, நேற்றும் உந்தக் குளம்தானே அங்க கிடந்தது?"

"நேற்றுக் கிடந்தது நேற்றையக் குளம்."

"இண்டைக்கு?"

"அதைத்தான் பாக்கப் போறன்."

"பாத்திட்டு வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ. பாணாவது இண்டையப் பாணாய் இருக்கட்டும்."

அவள் சிரிப்பதற்காகச் சொன்னாள், நான் உண்மையாகவே சொன்னேன். தை மாதத்துப் பனிப்புகாரில் நடுத்தீவே காணாமல் போய்விடும். வெயில் வந்ததும் மரம் மரமாகத் திரும்பி வரும். பங்குனியில் தண்ணீர் இறங்கிக் கரையில் சேற்றுக்கோடு தெரியும். ஆடி மழையில் அந்தக் கோடு இருந்த இடமே தெரியாது. ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறவனுக்கு அலுப்பு வராது. கலியாணமும் அப்படித்தான் என்று எழுதப் பேனா துடிக்கிறது. எழுதினால் எனக்கே சிரிப்பு வரும், விடு.

இந்தக் கண்ணாடித் தட்டுகளில் ஒரு குறை உண்டு. மலையும் மரமும் தண்ணீரும் அழகாய் விழும். நீல வானம் மட்டும் விழாது. எவ்வளவு நல்ல நாளானாலும், வானம் எழுதாத கடதாசி போல வெறும் வெள்ளையாய் நிற்கும். படம் பிடிக்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேகத்தை மட்டும் இன்னொரு தட்டில் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடதாசியில் முதலில் வாவியை அச்சடிப்பார்கள். பிறகு அதை மூடிவிட்டு மேலே மேகத்தை அச்சடிப்பார்கள். எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் மற்றவர்களிடம் ஒரு பெட்டி மேகம் இருக்கும். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒன்றைப் பிடித்த கதையை உனக்குப் பல விதமாய்ச் சொல்லியிருக்கிறேன். ஹந்தானை மலையிலிருந்து தாகத்தோடு இறங்கி வாவியில் வாய் வைத்த மேகத்தை, என் சால்வையால் சுவரில் கட்டிப் போட்டதாக ஒருமுறை. உடவத்தைக் காட்டில் அட்டைகளோடு மல்லுக்கட்டி, கொப்பில் சிக்கிய மேகத்தை மரமேறிப் பறித்ததாக ஒருமுறை. நீ சின்னவளாய் இருந்தபோது மரமேறிய கதையை நம்பினாய். பிறகு இரண்டையும் நம்பாமல், மேகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பதையே விட்டுவிட்டாய்.

எது எப்படியோ, அந்த மேகத்துக்கு நான் ஓய்வே கொடுக்கவில்லை. மாதம் ஒரு வாவிப்படம் உன் அப்பாவுக்கு அனுப்புவேன். மாளிகைக்கு மேல் அதே மேகம், தீவுக்கு மேல் அதே மேகம், மாசியிலும் அதுதான், ஐப்பசியிலும் அதுதான். கண்டுபிடிக்காமல் இருக்கத் தட்டைத் திருப்பிப் போட்டு, ஒரு மாதம் இடப்பக்கமும் மறுமாதம் வலப்பக்கமும் சாயவிட்டேன். கந்தோரில் எங்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. உன் அப்பா எல்லாப் படத்தையும் சட்டம் போட்டுத் தன் வீட்டு விறாந்தைச் சுவரில் வரிசையாய் மாட்டினார். மாட்டிவிட்டு எனக்கு எழுதுவார்: "தம்பி, கண்டியில் எந்நேரமும் மழைக்குணமாகவே இருக்கிறது. பிள்ளைக்குக் குடை இருக்கிறதோ?" வருஷந்தோறும் யாராவது லீவில் வருகிறவர் கையில் ஒரு குடை வந்துவிடும். பெரகரா ஊர்வலத்துக்கு வருகிற யானைகள் எல்லாவற்றுக்கும் பிடிக்கலாம், அவ்வளவு குடை எங்கள் அலுமாரியில் இருந்தது.

பிறகு இந்தச் சம்பந்தம் வந்தது. முன்னம் வந்தவற்றைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போவாய், தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும், அதுதான் மறுமொழி. இந்த முறை அப்பாவோடு அங்கே பழகுகிற ஒரு பொடியன் என்று எழுத்து வந்தது. சாதகம் பொருந்திற்று. அவருடைய படமும் வந்தது. நீ அதை வாங்கி யன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்தாள், நான் சின்னம்மாவைப் பார்த்தேன். உன் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லி அப்பா கேட்டிருந்தார்.

அங்கேதான் நான் என் முழு வல்லமையையும் காட்டினேன். உன்னைச் சுவரோரம் நிறுத்தி, பின்னால் வாவியை வைத்து, மேலே வழக்கமான மேகத்தை ஏற்றினேன். அதோடு நிற்கவில்லை. நீ சின்னவளாய் உடும்பைத் துரத்திக்கொண்டு அதே சுவரிலிருந்து விழுந்தாயே, அந்தத் தழும்பு உன் இடது புருவத்துக்கு மேல் இருக்கிறது. தட்டிலே ஈயப் பென்சிலைக் கூராக்கி, நுனியால் தொட்டுத் தொட்டு அதை இல்லாமல் ஆக்கினேன். வைத்தியர் செய்ய முடியாததைப் பென்சில் செய்தது. படம் பினாங்குக்குப் போயிற்று.

அந்தப் பொடியன் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் விறாந்தையில் நடந்திருக்கிறார். ஒவ்வொரு சட்டத்துக்கு முன்னாலும் நின்றிருக்கிறார். மலையின் வளைவையும் ஆற்றின் வளைவையும் கீறிச் சீவிக்கிறவர் கண்ணுக்கு மேகத்தின் வளைவு தப்புமா? திருப்பிப் போட்டதையும் கண்டுகொண்டார். வானத்தில் இருக்கிற மேகம் எந்தப் படத்திலும் வாவித் தண்ணீரில் விழவில்லை என்பதையும் கண்டுகொண்டார். அப்பாவிடம் அமைதியாய் ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம்: "மேகத்தை வைக்கத் தெரிஞ்சவருக்கு முகத்தை வைக்கவும் தெரியும்தானே?" அந்த நேரத்தில் தங்கையின் படத்தைக் காட்டி அக்காவைக் கட்டிவைத்த கதைகள் மலாயா முழுதும் உலாவின. அவர் தாயாருக்குச் செய்தி போனது. பேச்சு அப்படியே நின்றது. அப்பா எனக்கு எழுதினார், அதுவரை அவர் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அது: "தம்பி, உன் மேகத்தால் என் பிள்ளையின் கலியாணம் நிற்கிறது."

அதை வாசித்ததும் உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். சின்னம்மா மறைக்க விடவில்லை. நீ கேட்டுவிட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது. அவருடைய படத்தை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாய். இரவுச் சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

நான் என்ன செய்வேன்? ஒரு பொய்யை மூட அதைவிடப் பெரிய பொய்யைத் தேடினேன். புது மேகங்கள் நாலைந்தை எடுத்து, பழைய படங்களையெல்லாம் திரும்ப அச்சடித்து அனுப்பி, முதலில் போனவை தவறுதலாய் மாறிப்போனவை என்று எழுதுவது என் திட்டம். பங்குனி மாதம். ஹந்தானைக்கு மேல் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. காலையில் போனேன், மத்தியானம் கந்தோரை விட்டு ஓடிப் போனேன், மாலையில் போனேன். கண்டிச் சரித்திரத்தில் வானம் அவ்வளவு சுத்தமாய் இருந்ததே இல்லை. சூரியனே எனக்காக இரக்கப்பட்டு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. ஒரு நாள் பின்னேரம் வெறும் தட்டுகளோடு வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தபோது நீ முன்னால் வந்து நின்றாய்.

"குஞ்சியப்பு, நாளைக்கு என்னை இன்னொருக்கா எடுங்கோ."

"மேகம் வரட்டும், பிள்ளை."

"மேகம் வேண்டாம். வெறும் வானத்தோட எடுங்கோ. பென்சிலையும் தொடக்கூடாது."

"தழும்பு தெரியுமே."

"தெரியட்டும். அவர் கேட்டதில என்ன பிழை? ஒழுங்காய்ப் பாத்திருக்கிறார். படத்தைப் பாத்தவையில அவர் ஒருத்தர்தான் பாத்திருக்கிறார்."

"அதுக்குப் பிறகும் அவை வேண்டாம் எண்டால்?"

"அப்ப என்னை வேண்டாம் எண்டிருப்பினம். இப்ப உங்கட பென்சிலைத்தான் வேண்டாம் எண்டிருக்கினம்."

சின்னம்மா குசினி வாசலில் நின்று, "பிள்ளை சொல்லுறது சரி," என்றாள். பிறகு என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். கலியாணம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. கந்தோரில் நான் பேனாவால் பிழைவிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை உன்னை அதே சுவரடியில் நிறுத்தினேன். உனக்குக் கோபமுமில்லை, சிரிப்புமில்லை, நேரே பார்த்தாய். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அப்போதுதான் வாவியிலிருந்து அது வந்தது. நீருடும்பு, கபரகொயா. நீ துரத்தி விழுந்தாயே, அதே ஆள்தான் என்று நான் இன்றும் வாதாடுவேன். அதன் தலை சுவரில் ஏறி மாளிகைக்கு ஒரு கும்பிடு போட்டபோது வால் இன்னும் வாவியின் மறுகரையில் கிடந்தது. அது தண்ணீரை விட்டு முழுதாய் ஏறியதும் வாவி ஒரு முழம் வற்றிப்போனது. எனக்கு இதொன்றும் தெரியாது. துணிக்குள் எல்லாம் தலைகீழாய்த்தானே தெரியும்?

"ஆடாதை, பிள்ளை."

"நான் ஆடேல்லை, குஞ்சியப்பு. எனக்குப் பின்னால ஏதோ ஆடுது."

"அது காத்து."

"காத்துக்கு நாக்கு இருக்குமோ?"

நீ அசையவில்லை. புருவத்துத் தழும்பு அதே விலங்கினால் வந்தது, அது இப்போது உன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நிற்கிறது, நீ மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றாய். உனக்கு அந்தப் படம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தட்டைக் கழுவிப் பார்த்தபோது எல்லாம் விழுந்திருந்தது: தழும்போடு நீ, மொட்டை வானம், உன் தோளுக்கு மேலால் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு உடும்பு. சம்பந்தம் பேசுகிற படத்தில் உடும்பு நின்றால் யார் கட்டுவார்கள் என்று சின்னம்மாவே தயங்கினாள். பென்சிலுக்காக அவள் கொண்டையை நோக்கி என் கை போனது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். படம் அப்படியே போயிற்று.

மறுமொழி வரவில்லை. தபாற்காரனைக் கண்டால் நீ உள்ளே போய்விடுவாய், அவன் போனபின் வெளியே வந்து ஒன்றும் கேட்கமாட்டாய். சித்திரை போய், வைகாசியும் போனது. ஆனியில் ஒரு பகல், பெட்டியும் கையுமாய் அவரே வந்து நின்றார். லீவு எடுத்துக்கொண்டு தனியாக வந்திருந்தார். அது வழக்கமில்லை என்று சின்னம்மா முணுமுணுத்தபடி ஓடிப்போய் உலை வைத்தாள். அவர் கதிரையில் இருக்கவும் இல்லை. இரண்டு படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் இறங்கிப் போனோம். மழைக்காலமாயிருந்தும் அன்றைக்கும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வானத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"மேகம் எங்க?" என்றார், என்னிடம்தான். நான் ஒரு பெரிய கதையைத் தொடங்க வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"லீவில போயிட்டுது. உங்கட படத்தில நீங்கள் சாய்ஞ்சுகொண்டு நிண்ட மாளிகை எங்க?"

அவர் கொஞ்சம் திகைத்தார். "அது ஸ்ரூடியோக்காரன்ர சீலை. கீறின மாளிகை."

"கையில வைச்சிருந்த தடிச்ச புத்தகம்?"

"அதுவும் அவன்ரதான்."

"வாசிச்சனீங்களோ?"

"திறக்கேலாது. மரத்தில செய்தது."

நீ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாய். அவர் உன் புருவத்தைப் பார்த்தார். "இது முதல் படத்தில இல்லை."

"குஞ்சியப்பு பென்சிலால சுகப்படுத்தினவர். பிறகு திரும்பி வந்திட்டுது."

"இந்த உடும்பு?"

"அது எங்கட ஆள். விசாரிக்காமல் விடாது."

அவர் முதல் படத்தை, மேகம் வைத்ததை, என்னிடம் திருப்பித் தந்தார். உடும்பு நின்றதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கலியாணம் அந்த இடத்தில்தான் நடந்தது என்று நான் சொல்வேன். ஆவணியில் ஐயர் செய்தது அதன் நகல். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் உன்னைத் தாரைவார்த்துக் கொடுத்தவன் நான். அப்போது என் கண்ணில் வந்தது ஓமப்புகை. இதைக் கப்டனுக்கும் சொல்.

இனிப் புத்தி சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது, இரண்டு சொல்லி விடுகிறேன். உன் அவருக்குக் கோபம் வந்த நாளில் அதை மூடி மேலே சிரிப்பை அச்சடிக்காதே, உனக்கு வந்தாலும் அப்படித்தான். வெறும் வானம் வெறும் வானமாகவே நிற்கட்டும், அவர் பார்க்கத் தெரிந்தவர். மற்றது உன் அப்பா. நீ வளர்ந்த காலத்தில் ஒரே ஒரு முறைதான் வந்துபோனார். துறைமுகத்தில் உன்னைக் கண்டதும் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. மழையைப் பற்றித்தான் கேட்பார். அவர் மழையைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுமொழி சொல். ஒரு குடையை மறக்காமல் கையில் எடுத்துப் போ. அவருடைய விறாந்தைச் சுவரிலிருக்கும் படங்களை ஒருவரும் கழற்ற வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், நீ ஒன்றையும் நம்பமாட்டாய். யானையை நம்பாதே. வாவி வற்றியதை நம்பாதே. உடும்பின் நீளத்தில் அரைவாசியைக் குறைத்து, பிறகு இன்னும் அரைவாசியைக் குறை. ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். அது அந்த மேகம்.

நீ வந்த நாள் கண்டியில் நல்ல மழை. சின்னம்மாவும் நானும் ஸ்ரேசனுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். யாழ்ப்பாணத்தில் கோச்சி ஏறியதிலிருந்து ஒரு வார்த்தையும் நீ பேசவில்லை என்று கொண்டுவந்து விட்டவர்கள் சொன்னார்கள். எங்களோடும் பேசவில்லை. வாவிச் சுவரடிக்கு வரும்போது மழை விட்டது. ஹந்தானை மலையிலிருந்து ஒரு மேகம் மெல்ல எழும்பியது. மலையையே காணாத பிள்ளை நீ, அப்படியே நின்று பார்த்தாய். பிறகு கேட்டாய்: "அங்க ஆர் சமைக்கினம்?" நான் வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வரும்வரை அந்த மேகம் நின்றது. நீயும் நின்றாய்.

அந்தத் தட்டை உன் பெட்டியில், கூறைச்சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருக்கும். வாவிப்படத்தில் விழக்கூடாதென்று இத்தனை வருஷமும் மறைத்து வைத்த இடம் அது. அங்கே போய்ச் சேர்ந்ததும் கடதாசியைக் கிழித்துவிட்டு, யன்னலடியில் பிடித்துப் பார். தட்டில் எல்லாம் மாறித் தெரியும். மேகம் கரியாய் நிற்கும். அதன் அடியில், ஒரு சடை அவிழ்ந்து ஒரு பக்கம் சரிந்த சின்னத் தலை ஒன்று வெறுங் கண்ணாடியாய் இருக்கும். வெளிச்சம் அதற்குள்ளால்தான் வரும்.

இனி இங்கிருந்து வருகிற படங்களில் வானம் வெள்ளையாகவே இருக்கும், மகள். என்னிடம் வேறு மேகம் இல்லை.

உன்,
குஞ்சியப்பு